பத்துக்குப் பத்து போட்டுடுங்க சார்

கார் விற்பவர்களைப் பற்றி இந்த நாட்டில் எவரும் நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதில்லை. அந்தக் குறையைத் தீர்த்துவைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் புறவழிச்சாலையில் கண்ணாடி மாளிகை எழுப்பி, வாசலில் காற்றடைத்த பலூன் மனிதனைக் கைகால் உதறி ஆடவிட்டு, உள்ளே ஏசி போட்டுக் காப்பி கொடுத்து வியாபாரம் செய்யும் ஒரு டீலர் எனக்கு ஒரு புதிய காரை விற்றார். புதிய கார் என்பது அவர் சொன்னது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வழக்கு நடக்கிறது என்பது ஒரு காரணம். நான் எழுதாவிட்டாலும் நீங்கள் உங்கள் ஊரில் இருக்கும் ஒன்றை நினைத்துக்கொள்வீர்கள், அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்பது இன்னொரு காரணம்.

முதலில், பணம் வாங்குவதில் அவர்களுக்கு இருக்கும் ஞானத்தை வணங்க வேண்டும். விளம்பரப் பலகையில் ஒரு விலை, கொட்டேஷனில் ஒரு விலை, ‘ஆன் ரோடு’ என்று ஒரு விலை. ஐந்து லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரையுள்ள காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 13 சதவீதம். அது அரசாங்கத்துக்குப் போகிறது, கட்டித்தான் ஆக வேண்டும், கட்டினேன். அதற்குக் கீழே ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு வரி இருந்தது. என்ன தம்பி இது என்று கேட்டேன். “யார்டுல இருந்து ஷோரூமுக்கு வண்டியைக் கொண்டு வர்றதுக்கு சார்.” அதாவது, விற்கிறவன் சரக்கைத் தன் கடைக்குக் கொண்டுவந்ததற்கு வாங்குகிறவன் கூலி தர வேண்டும். மளிகைக் கடையில் அரிசி மூட்டையைக் குடோனிலிருந்து தூக்கி வந்த கூலியை நம் பில்லில் எழுதினால் அந்தக் கடைக்காரர் தெருவில் நடமாட முடியுமா? இங்கே முடியும். கோட்டு போட்டுக்கொண்டு நடமாடலாம்.

அதற்கும் கீழே ‘எசென்ஷியல் கிட்’. நாலு மிதியடி, சக்கரத்துக்குப் பின்னால் மாட்டும் ரப்பர்த் தட்டிகள், ஒரு வாசனைப் புட்டி, டாஷ்போர்டில் ஒட்ட ஒரு சிறு பிள்ளையார். பிள்ளையாருக்கும் ஜிஎஸ்டி போட்டிருந்தார்கள்.

பிறகு இன்சூரன்ஸ். “வெளியில போட்டீங்கன்னா கேஷ்லெஸ் கிடைக்காது சார். அப்புறம் நீங்கதான் அலையணும்.” இது கடைந்தெடுத்த பொய். எங்களிடம்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று டீலர் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017-லேயே விதி போட்டுவிட்டது. அதைச் சொன்னேன். பையன் மரியாதையாகச் சிரித்தான். “ரூல் இருக்கு சார். ஆனா நம்மகிட்டப் போட்டா டெலிவரி சீக்கிரம் ஆகும்.” ஒழுங்குமுறை ஆணையத்தால் முடியாத ஒன்றை அந்த ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டான்.

டெலிவரி அன்று மாலை, காரைச் சிவப்புச் சாட்டின் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். மேலே மஞ்சள் விளக்குகள், ரிப்பன், கேக், அட்டையில் வெட்டிய ஆளுயரச் சாவி, ஒலிபெருக்கியில் வாழ்த்துப் பாட்டு. ஒரு பெண் எங்கள் எல்லோர் நெற்றியிலும் குங்குமம் வைத்தாள். நான் காரைச் சுற்றி வந்து பார்க்கலாம் என்று நகர்ந்தபோது டீம் லீடர் பதறிப்போய் வந்தார். “சார், நல்ல நேரம் முடியப் போகுது. முதல்ல சைன் பண்ணிடுங்க, அப்புறம் நிதானமாப் பாத்துக்கலாம்.” நல்ல நிலையில், முழுத் திருப்தியுடன் வாகனத்தைப் பெற்றுக்கொண்டேன் என்ற தாளில், வாகனத்தைப் பார்ப்பதற்கு முன்பே கையெழுத்து வாங்குகிறார்கள். ராகுகாலத்தை இவ்வளவு லாபமாகப் பயன்படுத்தலாம் என்பது ஜோசியர்களுக்கே தெரியாது. பகலில் டெலிவரி கேட்டால் கிடைக்காததற்கும், அந்த விளக்குகள் அத்தனை மஞ்சளாக இருந்ததற்கும் அர்த்தம் அப்போது புரியவில்லை. துணியை உருவினார்கள், கை தட்டினார்கள், ஃபோட்டோ எடுத்தார்கள், எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி வெளியே அனுப்பினார்கள்.

(எலுமிச்சம்பழத்தைக் குறை சொல்லக் கூடாது. 2025 செப்டம்பரில் டெல்லி நிர்மாண் விஹாரில் புது வண்டியை எலுமிச்சையின் மேல் ஏற்றப்போன ஒருவர் ஆக்ஸிலேட்டரை அழுத்த, வண்டி முதல் மாடிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஷோரூமிலிருந்து தெருவில் போய்த் தலைகீழாக விழுந்தது. வண்டிக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அந்த வண்டிக்கு என்ன ஆயிற்று என்பதாவது வெளிப்படையாகத் தெரிந்தது. அந்த அளவில் அவர் கொடுத்துவைத்தவர்.)

என் வண்டிக்கு என்ன ஆயிற்று என்பதை எனக்குச் சொன்னவர் எங்கள் தெருமுனையில் வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கும் பையன். முதல் வாஷ். நுரையை வழித்துவிட்டு, இடது பின் கதவில் விரல் முட்டியால் தட்டினான். முன் கதவைத் தட்டினான். மறுபடி பின் கதவு.

“அண்ணே, எங்கயாவது இடிச்சிட்டீங்களா?”

“புது வண்டிப்பா. வந்து ஒரு வாரம்கூட ஆகலை.”

“இது பட்டி பாத்துப் பெயிண்ட் அடிச்ச கதவுண்ணே. சத்தத்தைக் கேளுங்க. இங்க ரப்பர் பீடிங்ல பாருங்க, பெயிண்ட் தெறிச்சிருக்கு.”

பார்த்தேன். கறுப்பு ரப்பர் ஓரத்தில் என் காரின் நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். வெயிலில் சாய்ந்து நின்று பார்த்தால் கதவில் விழும் மின்கம்பத்தின் பிம்பம் வளைந்து நெளிந்தது. பெயின்ட்டின் கனத்தை அளக்கும் சிறு கருவி ஒன்று உண்டு. அதை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். மற்ற இடங்களில் எல்லாம் 110, 120 மைக்ரான் என்று ஒழுங்காகக் காட்டிய கருவி, அந்தக் கதவில் வைத்ததும் ஐந்நூறைத் தாண்டி ஓடியது. ஒரு தலைமுடியின் கனமே சுமார் 70 மைக்ரான். என் கதவின் மேல் ஒரு சிகையலங்காரமே நடந்திருந்தது.

கார் ஆலைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் 1998-ல் சான்ட்ரோவை இறக்கியதிலிருந்து, ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010-ல் ஆலை திறந்தது வரை, தமிழ்நாடு கார் செய்யப் பழகிப் பல வருடம் ஆகிறது. வெறும் இரும்புக் கூட்டை ரசாயனத் தொட்டியில் முக்கி எடுத்து, துருப்பிடிக்காத பூச்சை மின்சாரத்தால் ஒட்டவைத்து, பிரைமர், நிறம், அதன் மேல் பளபளப்புப் பூச்சு என்று அடுக்கடுக்காக ரோபோக்கள் தெளிக்க, சூளையில் சுட்டு எடுக்கிறார்கள். அந்தப் பெயின்ட் அறைக்குள் தூசு நுழைந்துவிடக் கூடாது என்று வேலை செய்பவர்கள் தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு போகிறார்கள். இத்தனையும் செய்து லாரியேற்றி அனுப்பிய காரை, டீலரின் கிடங்கில் எவரோ ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் தூணில் தேய்த்து, பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் டிங்கரைக் கூப்பிட்டுச் சுத்தியால் தட்டி, பட்டி அப்பி, தெருப்புழுதி பறக்க ஸ்ப்ரே அடித்து, சாட்டின் துணி போர்த்தி என்னிடம் தந்தார்கள். விலையில் ஒரு ரூபாய் குறையவில்லை. ஆயுள் வரியில் ஒரு பைசா குறையவில்லை.

நியாயம் கேட்கப் போனேன். ஒரு ஷோரூமில் எத்தனை படிநிலைகள் உண்டு என்பது கார் வாங்கும்போது தெரியாது. விற்ற பையன் வேறு கிளைக்கு மாற்றலாகியிருந்தான். டீம் லீடர் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, “தெரியவே இல்லையே சார்” என்றார். தெரியாமல் அடித்திருப்பதுதான் என் புகார் என்று அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. சேல்ஸ் மேனேஜர் வந்தார். “ட்ரான்ஸிட்ல ஆகியிருக்கும் சார். கம்பெனி பொறுப்பு.” சரி, அப்படியென்றால் அதைச் சொல்லித்தானே விற்க வேண்டும்? “டெலிவரி நோட்ல நீங்க சைன் பண்ணியிருக்கீங்களே சார். அதுக்கப்புறம்னா யூசேஜ்.” இதுதான் இந்தத் தொழிலின் சூத்திரம். கையெழுத்துக்கு முன்பு பட்ட அடி லாரிக்காரன் கணக்கு. கையெழுத்துக்குப் பின்பு பட்ட அடி வாடிக்கையாளர் கணக்கு. இரண்டுக்கும் நடுவே, அவர்கள் வீட்டில் வண்டி நின்ற அத்தனை நாளும், எந்தக் காருக்கும் எந்த அடியும் படுவதில்லை.

கடைசியாக ஜி.எம். வந்தார். பழுத்த அனுபவஸ்தர். என்னை உட்காரவைத்து, காப்பி சொல்லி, தோளில் கை போடாத குறையாகப் பேசினார். “சார், மறைக்க வேண்டியதில்ல. லேசா ஒரு டச்-அப் பண்ணியிருப்பாங்க. எல்லா டீலர்கிட்டயும் நடக்கிறதுதான். நாங்க கம்பெனி பெயிண்ட்தான் அடிக்கிறோம். சொல்லப்போனா கம்பெனிய விட நல்லாவே அடிச்சிருக்கோம்.” அவ்வளவு நல்ல வேலையைச் செய்துவிட்டு அதற்கு ஒரு பில் போடாமல் விட்டுவிட்டீர்களே என்று கேட்டேன். பிள்ளையாருக்கே பில் போட்டவர்கள் ஆயிற்றே. எம்.டி.யைப் பார்க்க வேண்டும் என்றேன். எம்.டி. வெளிநாட்டில் இருந்தார்.

“வண்டியை விட்டுட்டுப் போங்க சார், டெக்னிக்கல் டீம் இன்ஸ்பெக்ட் பண்ணட்டும்” என்றார்கள். விட்டுவிட்டு வந்தேன். அதற்குள் காரில் ஒரு டேஷ்கேம் வாங்கி மாட்டியிருந்தேன். உள்ளே, வெளியே இரண்டையும், சத்தத்தோடு பதிவு செய்யும் வகை. என்ஜின் ஓடத் தொடங்கினால் தானாக விழித்துக்கொள்ளும்.

வண்டி திரும்பி வந்ததும் டேஷ்கேமின் மெமரி கார்டை எடுத்துப் பார்த்தேன். இரவு நேரம். நான்கு பேர். பின் சீட்டில் பிளாஸ்டிக் உறை கசங்கும் ஒலி. என் வண்டி, புறவழிச்சாலையில், நான் ஒருநாளும் போகாத வேகத்தில் போகிறது.

“யார் வண்டிடா இது?”

“அந்தக் கம்ப்ளைண்ட் பார்ட்டிது. கதவுக்கு அழுதுக்கிட்டு இருக்காரே.”

“அப்ப இன்னும் கொஞ்சம் மிதி. அழறதுக்கு ஒரு காரணம் இருக்கட்டும்.”

சிரிப்பு. பரோட்டாக் கடை வாசலில் வண்டி நிற்கிறது. சால்னா வாசனை மறுநாள் நான் கதவைத் திறந்தபோதும் இருந்தது. எசென்ஷியல் கிட்டில் தந்த வாசனைப் புட்டி அதனிடம் தோற்றுப்போயிருந்தது. முன் பம்பரின் கீழே புதிதாக ஒரு கீறலும் இருந்தது. வீடியோவைக் காட்டினேன். சர்வீஸ் மேனேஜர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“அது ரோடு டெஸ்ட் சார்.”

பெயின்ட் புகாருக்கு எதற்கு ஐயா ரோடு டெஸ்ட்? வேகமாக ஓட்டினால் கதவின் நிறம் மாறுகிறதா என்று பார்க்கவா? அந்தச் சோதனையை நான்கு பேர் சேர்ந்து, முட்டைப் பரோட்டாவோடு நடத்த வேண்டும் என்று எந்தத் தொழில்நுட்பக் கையேட்டில் இருக்கிறது? அவர் பதில் சொல்லவில்லை. கேமரா வைத்து ஊழியர்களைப் பதிவு செய்வது சட்டப்படி சரியா சார் என்று என்னைக் கேட்டார். என் காருக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தவர்களின் அந்தரங்க உரிமைக்கு நான் பங்கம் விளைவித்துவிட்டேனாம்.

அந்த நான்கு பையன்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது, பிறகு வடிந்தும் போனது. இரவு அந்நேரம்வரை வேலை வாங்கிவிட்டுச் சாப்பாட்டுக்கு வழி செய்யாத முதலாளியிடம் வேலை செய்பவர்கள் அவர்கள். யார்டில் என் கதவைத் தேய்த்தவன் உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் செலவை அவன் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள். அதனால் சொல்லியிருக்க மாட்டான். டீலர் ஒவ்வொரு காரையும் பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் வாங்கி நிறுத்துகிறார். நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வட்டி ஓடுகிறது. மாதக் கடைசியில் இலக்கு நெரிக்கிறது. அடிபட்ட காரை அடிபட்டது என்று சொல்லி விற்றால் தள்ளுபடி கொடுக்க வேண்டும். டிங்கருக்குச் சில ஆயிரம் கொடுத்தால் தள்ளுபடி மிச்சம். இந்தக் கணக்கைப் பரோட்டா தின்ற பையன்கள் போடவில்லை. மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் போட்டார்கள். என் கோபம் முழுவதையும் அந்த மாடிக்கு மாற்றிவிட்டேன்.

இத்தனைக்கும் நடுவே ஒரு ஃபோன் வந்தது. மாற்றலாகிப் போன அதே விற்பனைப் பையன்.

“சார், கம்பெனியில இருந்து ஒரு கால் வரும் சார். எக்ஸ்பீரியன்ஸ் எப்படி இருந்துச்சுன்னு கேப்பாங்க. பத்துக்குப் பத்து போட்டுடுங்க சார்.”

கதவு விஷயம் தெரியுமா என்றேன். தெரியும் என்றான். தெரிந்துமா கேட்கிறாய்?

“ஒன்பது போட்டாக்கூட ஃபெயில் சார். என் இன்சென்டிவ் போயிடும். தங்கச்சிக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும் சார்.”

இந்த ஏற்பாட்டின் அழகை நின்று ரசிக்க வேண்டும். கார் கம்பெனி, டீலர் ஒழுங்காக இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள மதிப்பெண் கேட்கிறது. டீலர் அந்த மதிப்பெண்ணை, இருக்கிறதிலேயே குறைந்த சம்பளம் வாங்கும் பையனின் கழுத்தில் கட்டுகிறார். பையன் அதை நம் காலில் வைத்து அழுகிறான். நாம் ஒரு தங்கையின் படிப்பை நினைத்துப் பத்து போடுகிறோம். கம்பெனியின் தலைமையகத்தில் யாரோ ஒருவர், நாடு முழுவதும் வாடிக்கையாளர்கள் ஆனந்தக் கூத்தாடுகிறார்கள் என்று பெரிய திரையில் வரைபடம் போட்டுக் காட்டுகிறார். அங்கே அளக்கப்படுவது காரின் தரம் அல்ல. தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்தின் இளகிய மனம். நான் இரண்டு போட்டேன். அன்று மாலைக்குள் டீலரிடமிருந்து வரிசையாக ஃபோன் வந்தது. எல்லோரும் இரண்டைப் பற்றித்தான் பேசினார்கள். கதவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ‘தங்கள் கருத்தை உயர்வாக மதிக்கிறோம்’ என்று ஒரு எண் தந்து, புகாரை விசாரணைக்கு அனுப்பினார்கள். யாரிடம்? அதே டீலரிடம். குற்றம் சாட்டப்பட்டவரே விசாரணை அதிகாரி. அவர் தன்னைத் தீர விசாரித்து, தன் மீது தவறில்லை என்று கண்டுபிடித்து அறிக்கை அனுப்பினார். புகார் முடித்துவைக்கப்பட்டது. முடித்துவைத்த விதத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டு இன்னொரு மின்னஞ்சல் வந்தது.

கம்பெனி இப்படி விலகி நிற்பதற்கு நம் நாட்டுச் சட்டமே நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறது. கோவாவில் ஒருவர் 2011-ல் புதிய கார் என்று பணம் கொடுத்தார். டீலர் தந்தது 2009-ல் செய்தது. அது 622 கிலோமீட்டர் ஓடியிருந்தது, அடிப்பாகம் துருப்பிடித்திருந்தது. மாவட்ட மன்றம், மாநில ஆணையம், தேசிய ஆணையம் மூன்றும் டீலரோடு தயாரிப்பாளரான டாடா மோட்டார்ஸும் பொறுப்பு என்றன. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தயாரிப்பாளரை விடுவித்தது. கம்பெனியும் டீலரும் தனித்தனி வியாபாரிகள். டீலர் செய்ததைக் கம்பெனி அறிந்திருந்தது என்று காட்டாதவரை கம்பெனி மேல் பழி போட முடியாது என்றது. சட்டம் அப்படியென்றால் அப்படித்தான். ஆனால் விளம்பரத்தில், பெயர்ப்பலகையில், ரசீதின் தலையில், பையனின் சட்டைப் பையில் எங்கு பார்த்தாலும் கம்பெனியின் சின்னம்தான் இருக்கிறது. காசு வாங்கும்வரை ஒரே குடும்பம். கதவைக் காட்டினால் பங்காளிச் சண்டை, தனிக் குடித்தனம்.

அமெரிக்காவில் இதே கதை நடந்தது. அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாமில் ஒரு மருத்துவர் 1990-ல் 40,750 டாலர் சொச்சத்துக்கு ஒரு புதிய பி.எம்.டபிள்யூ வாங்கினார். ஒன்பது மாதம் ஓட்டினார். ஒன்றும் தெரியவில்லை. காரை இன்னும் பளபளப்பாக்கலாம் என்று ஒரு கடையில் விட்டபோது, அந்தக் கடைக்காரர்தான் இது மறுபெயின்ட் அடித்த வண்டி என்று கண்டுபிடித்தார். (எங்கள் தெருமுனைப் பையனுக்கு இதைச் சொன்னேன். “கை வச்சாத் தெரியும்ணே” என்றான்.) வழக்கில் எல்லாம் வெளியே வந்தது. வரும் வழியில் அமில மழையால் கெட்டதாகக் கருதப்பட்ட பெயின்ட்டை 601 டாலர் செலவில் சரிசெய்திருந்தார்கள். பழுதுபார்த்த செலவு காரின் விலையில் 3 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் யாரிடமும் சொல்லாமல் புதிது என்றே விற்கலாம் என்பது கம்பெனியின் எழுதப்பட்ட கொள்கை. அப்படி நாடு முழுவதும் 983 கார்கள் விற்றிருந்தார்கள். ஜூரிகளுக்கு வந்ததே கோபம். இழப்பீடு 4,000 டாலர், தண்டத்தொகை 40 லட்சம் டாலர் என்றார்கள். அலபாமா உச்ச நீதிமன்றம் தண்டத்தைப் பாதியாக்கியது. 1996-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், அதுவும் அளவுமீறியது என்று தள்ளியது. கடைசியில் 50,000 டாலரில் வந்து நின்றது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் ‘பி.எம்.டபிள்யூ எதிர் கோர்’ என்று பாடம் நடத்துகிறார்கள்.

அந்த 40 லட்சம் நின்றிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே கம்பெனியிடம் ஒரு கொள்கையாவது இருந்தது. 3 சதவீதம் என்று ஒரு கோடு கிழித்து, காகிதத்தில் எழுதிவைத்துத் திருடினார்கள். எங்கள் ஊரில் கோடும் இல்லை, காகிதமும் இல்லை. அங்கே ஜூரிகள் தீர்ப்புச் சொன்னதும் கம்பெனி கொள்கையை மாற்றிக்கொண்டது. இங்கே மாற்றிக்கொள்ள ஒன்று எழுதப்பட்டிருந்தால்தானே?

எழுதப்பட்டது ஒன்று நம் பக்கம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதில் முறையற்ற வணிக நடைமுறை என்ன என்று விளக்கும் இடத்தில், பழையதை, பழுதுபார்த்ததைப் புதியது என்று பொய்யாகக் காட்டி விற்பதும் பட்டியலில் இருக்கிறது. ‘லேசா ஒரு டச்-அப்’ என்று ஜி.எம். காப்பியோடு சொன்னதற்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் அதுதான். நுகர்வோர், தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். டீலரின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையம் போதும். பொருளின் விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 200 ரூபாய். அந்தச் சிறு பிள்ளையாருக்கு நான் கொடுத்தது அதைவிட அதிகம்.

இதையெல்லாம் சொன்னதும் நுகர்வோர் ஆணையம் ஏதோ சொர்க்கவாசல் என்று நினைத்துவிட வேண்டாம். சோதனைக்கூடப் பரிசோதனை தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். முயலலாம். ஆணையங்களில் தலைவர், உறுப்பினர் நாற்காலிகளை அரசுகள் காலியாகவே விட்டுவைத்திருப்பதைப் பார்த்து 2021-ல் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டிவந்தது. டீலருக்கு இது நன்றாகத் தெரியும். ஜி.எம். என்னை வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, “தாராளமா கேஸ் போடுங்க சார், அது உங்க உரிமை” என்று ஆசீர்வதித்த தொனியில் அது தெரிந்தது. ஆயிரம் பேரை ஏமாற்றினால் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர் கவனிக்கவே மாட்டார்கள், கவனித்தவர்களில் பலர் வீட்டில் சண்டை வந்து விட்டுவிடுவார்கள், மிஞ்சுகிறவனை வாய்தாவில் களைக்கவைத்துவிடலாம். மாடியில் போட்ட கணக்கின் கடைசி வரி இது.

எனவே கார் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பகல் வெளிச்சத்தில், துணி போர்த்தும் முன், முழுப் பணம் கட்டும் முன், யார்டுக்கே போய்ப் பாருங்கள். சேசிஸ் எண்ணைப் படமெடுத்து, பில்லில் இருப்பதோடு ஒத்துப் பாருங்கள். தயாரித்த வருடமும் மாதமும் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. ஓடிய கிலோமீட்டரைப் படமெடுங்கள். கதவுகளின் ரப்பர் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். பெயின்ட் கனம் அளக்கும் கருவி இருப்பவரைக் கூட்டிப் போங்கள். அதைக் கண்டதும் டீம் லீடரின் முகம் என்ன மைக்ரான் காட்டுகிறது என்றும் பாருங்கள். ராகுகாலம் வந்தால் வரட்டும், கேக்கை அவர்களே சாப்பிடட்டும், பார்த்து முடிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சர்வீஸுக்கு விடும்போது கிலோமீட்டரை ஜாப் கார்டில் எழுதவையுங்கள். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். இரண்டு வருடத்துக்குள் ஆணையத்துக்குப் போங்கள். உங்கள் கதவைத் தட்டிப் பார்க்க நம்பகமான ஒரு வாட்டர் சர்வீஸ் பையனைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

என் மனு ஏற்கப்பட்டு நோட்டீஸ் போய்விட்டது. எதிர்த்தரப்பு பதில் தாக்கல் செய்ய 30 நாள். ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்த்துச் சொல்லிவிட்டது. இதை எழுதும் இன்றுவரை டீலர் பதில் தாக்கல் செய்யவில்லை. எம்.டி. இன்னும் வெளிநாட்டில்தான் இருக்கிறாராம்.